ஒரு கதையோடு போய்விடுகிறவர்களை எப்படி நிறுத்துவது?

கேள்வி: ஒன்றரை வருடமாகச் சிறுகதைகளுக்கான பாட்காஸ்ட் ஒன்று நடத்தி வருகிறேன். என் கதைகள், நண்பர்களின் கதைகள், பழைய இதழ்களில் படித்துப் பிடித்துப்போன கதைகள் எல்லாம் கலந்து வரும். ஒரு எபிசோட் 35, 40 நிமிடம் ஓடும். பின்னணி இசையும் சேர்க்கிறேன். ஆரம்பத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். இப்போது எண்ணிக்கை ஒரே இடத்தில் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஒரு கதையோடு போய்விடுகிறார்கள். நல்ல மைக் வாங்கலாமா, வீடியோவுக்கு மாறலாமா, தொடர்கதை ஆக்கலாமா, இல்லை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விட வேண்டாம். புது மைக்கும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய இணைப்பில் சில கதைகளைக் கேட்டேன். உங்களுக்கு நல்ல வாசிப்புக் குரல். அவசரம் இல்லை, மிகை நடிப்பு இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

‘ஒரு கதையோடு போய்விடுகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடர்கதை கேட்பவரை ‘அடுத்து என்ன ஆச்சு’ என்ற கேள்வியே திரும்ப இழுத்து வந்துவிடும். சிறுகதைக்கு அந்த வசதி கிடையாது. கதை முடிந்தது, அந்த மனிதர்களும் போய்விட்டார்கள். அடுத்த எபிசோடில் எல்லாம் புதுசு. பிறகு எதை நம்பி அவர் திரும்பி வருவார்? ‘இவங்க எடுத்து வாசிச்சா அது கேட்க வேண்டிய கதையாத்தான் இருக்கும்’ என்று உங்கள் தேர்வை நம்பித்தான் வருவார். அந்த நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் உண்டாகிறதோ அவ்வளவு சீக்கிரம் பாட்காஸ்ட் வளரும். அதற்காகத் தொடர்கதைக்குத் தாவ வேண்டியதில்லை. உங்களுக்குச் சிறுகதைதான் பிடித்திருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

உங்கள் பட்டியலில் ஒரு பேய்க்கதை, அடுத்து ஒரு குடும்பக் கதை, அப்புறம் நகைச்சுவை, அதன் பிறகு ஓர் அறிவியல் புனைவு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே பரவாயில்லை. ஆனால் பேய்க்கதையைக் கேட்டுவிட்டு வந்தவர் அடுத்ததாகக் குடும்பக் கதையைப் பார்த்ததும், இது நமக்கான இடம்தானா என்று குழம்பிப்போவார். ஆங்கிலத்தில் எஸ்கேப் பாட் என்று ஒரு பாட்காஸ்ட் 2005இல் தொடங்கியது. அறிவியல் புனைவுச் சிறுகதைகள் மட்டும்தான். அதை நடத்தியவர்களுக்குத் திகில் கதைகளும் தர வேண்டும் என்று தோன்றியபோது அதே பட்டியலில் சேர்க்கவில்லை. 2006இல் சூடோபாட் என்று தனியாகத் தொடங்கினார்கள். மாயப் புனைவுக்கு 2008இல் பாட்கேஸில். நீங்கள் மூன்று நடத்த வேண்டாம். அடுத்த எட்டுக் கதைகளை மட்டும் ஒரே மனநிலையில் இருந்து எடுங்கள். வகை என்றுகூட இருக்க வேண்டாம். ‘ஓர் இரவுக்குள் நடந்து முடியும் கதைகள்’ என்று வைத்துக்கொள்ளலாம். கேட்பவர் இன்னொருவரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிற மாதிரி இருந்தால் போதும்.

அடுத்தது நீளம். தமிழை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும். உங்கள் 40 நிமிட எபிசோட் நாலாயிரம் சொல்லை ஒட்டிய கதை. அறிமுகமே இல்லாத ஒரு குரலுக்குப் புது ஆள் 40 நிமிடம் தருவது கஷ்டம். 12 முதல் 20 நிமிடத்துக்குள் முடிகிற கதைகளாக எடுங்கள். நீளமான கதைகளை, உங்களை ஏற்கெனவே பிடித்துப்போனவர்களுக்காக எப்போதாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்கு எழுதிய கதை அப்படியே காதுக்குப் பொருந்தாது. உங்கள் கதை ஒன்றில் வரும் வாக்கியத்தின் போக்கில் ஒன்று எழுதிக் காட்டுகிறேன்: ‘மூன்று நாளைக்கு முன் வந்த கடிதத்தைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, மழையில் நனைந்துகொண்டே, திறக்காத அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருந்தவள் மாணிக்கத்தின் அக்கா.’ தாளில் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. கண் சட்டென்று கடைசிக்கு ஓடி, அக்காவைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். காதுக்கு அந்த வழி இல்லை. கடிதம், மழை, கதவு என்று எல்லாவற்றையும் யாருடையது என்றே தெரியாமல் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். வாசிப்பதற்காக மாற்றினால் இப்படி வரும்: ‘மாணிக்கத்தின் அக்கா மழையில் நனைந்துகொண்டு நின்றாள். கதவு திறக்கவில்லை. கையில் அந்தக் கடிதம். வந்து மூன்று நாள் ஆகிறது.’ ஆள் முதலில் வந்துவிட்டார். மற்றதெல்லாம் அவர்மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்லா வாக்கியத்தையும் இப்படி உடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, உடைத்தால் கதையின் நடையே போய்விடும். பத்திகளின் முதல் வாக்கியத்திலும் புது ஆள் வரும் இடத்திலும் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

உரையாடலிலும் இதே கதைதான். நாலு வரிக்கு மேல் யார் பேசுகிறார் என்ற குறிப்பு இல்லாமல் போனால் கேட்பவர் தவறிவிடுவார். அதற்காக வரிக்கு வரி ‘என்றாள்’, ‘என்றான்’ போட்டாலும் காதில் சலிப்புத் தட்டும். பேசுகிறவர் கையில் ஏதாவது வேலை கொடுங்கள். துணியை மடிக்கட்டும், ஜன்னலைச் சாத்தட்டும். குரலை மாற்றி நடிக்காமலே ஆள் தெரியும். கமலா, விமலா என்று ஒலியில் ஒட்டி வரும் பெயர்கள் ஒரே கதையில் வேண்டாம். தாளில் மூன்று நட்சத்திரம் போட்டுப் பிரித்த இடத்தில் முழுதாக இரண்டு நொடி மௌனம் விடுங்கள். உங்கள் எடிட்டில் அந்த இடங்கள் ஒட்டிப்போயிருக்கின்றன. காலம் மாறியதே தெரியாமல் அடுத்த காட்சிக்குள் நுழைந்துவிட்டு, யார் இவர்கள் என்று நான் பின்னால் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்தவர் கதையாக இருந்தால் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் எழுத்தாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒலிப்பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் உங்கள் மைக் போதுமானது. அறைதான் எதிரொலிக்கிறது. துணிமணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன்னால் உட்காருங்கள், பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். பகரம் வரும் இடங்களில் காற்று மோதி ‘டொப்’பென்று கேட்பது அதிலேயே பெருமளவு குறையும். தப்பு வந்தால் ரெக்கார்டிங்கை நிறுத்தாதீர்கள். ஒரு முறை கை தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை ஆரம்பத்தில் இருந்து மறுபடி வாசியுங்கள். எடிட் செய்யும்போது கைதட்டல் திரையில் கோபுரமாக எழுந்து நிற்கும், தேட வேண்டாம். கடைசியில் அறையின் வெறும் மௌனத்தையும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் நிரப்ப அது வேண்டும். ஒன்றுமே இல்லாத சூனியத்தை வைத்தால் லைன் கட்டானது போல இருக்கும்.

பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். கதை முழுக்க உங்கள் குரலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சோகமான இடம் வருவதற்கு முன்பே சோகமாகிவிடுகிறது. கேட்பவர் தானாக உணர வேண்டியதை இசை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. தொடக்கத்தில் சில நொடி, முடிவில் சில நொடி போதும். அந்த இசைக்கும் உரிமம் பாருங்கள். ஃப்ரீசவுண்ட் போன்ற தளங்களில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி உரிமம் உண்டு. சிலவற்றை எதற்கும் பயன்படுத்தலாம், சிலவற்றுக்குப் பெயர் சொல்ல வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒலி அளவு உங்கள் எபிசோடுகளில் ஏறி இறங்குகிறது. ஆப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் (எபிசோட் முழுக்கச் சராசரியாகக் காதுக்குக் கேட்கும் ஒலியை அளக்கும் அலகு), ஒரு டெசிபல் முன்னே பின்னே இருக்கலாம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளிலேயே லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று ஒரு வசதி இருக்கிறது, எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. எல்யுஎஃப்எஸ் என்று போட்டிருந்தாலும் அளவு அதேதான்.

முதல் நிமிடத்துக்கு வருவோம். இப்போது உங்கள் எபிசோடில் இசை, வணக்கம், போன எபிசோடுக்கு வந்த பாராட்டு, சப்ஸ்கிரைப் செய்யுங்கள் என்ற வேண்டுகோள், எழுத்தாளர் அறிமுகம் எல்லாம் முடிந்து கதை தொடங்க மூன்று நிமிடம் ஆகிறது. பாட்காஸ்டின் பெயர், கதையின் பெயர், எழுதியவர் பெயர், அவ்வளவுதான், இருபது நொடி. பிறகு கதை. மற்ற எல்லாம் முடிவுக்குப் போகட்டும். நியூயார்க்கர் இதழ் 2007 முதல் மாதம் ஒன்றாக நடத்தும் ஃபிக்‌ஷன் பாட்காஸ்டில், ஓர் எழுத்தாளர் அந்த இதழில் முன்பு வெளியான வேறொருவரின் கதையைத் தானே தேர்ந்தெடுத்து வாசித்து, அதைப் பற்றிக் கதைப் பிரிவின் ஆசிரியரோடு பேசுவார். ‘இவருக்கு இது ஏன் பிடித்தது’ என்ற பேச்சுதான் அங்கே ஆளைத் திரும்ப வரவைக்கிறது என்பது என் எண்ணம். நீங்களும் கதை முடிந்த பிறகு இரண்டு நிமிடம், ஏன் இந்தக் கதையை எடுத்தேன் என்று பேசுங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கதையைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தீர்கள், அதே மாதிரி இருந்தால் போதும்.

எண்ணிக்கை நிற்கிறது என்கிறீர்கள். எந்த எண்ணிக்கை? டவுன்லோட் என்பது கேட்டு முடித்ததற்குக் கணக்கு இல்லை. இணைய விளம்பரத் துறையின் ஐஏபி அமைப்பு வைத்திருக்கும் அளவீட்டு விதிப்படி ஒரு நிமிட அளவு ஒலி இறங்கினாலே ஒரு டவுன்லோட் ஆகிவிடும். ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரைபடம் காட்டும், எந்த நிமிடத்தில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று. அதைத் திறந்து பாருங்கள். மூன்றாவது நிமிடத்துக்குள் சரிந்தால் முன்னுரைதான் காரணம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சரிந்தால் அந்த இடத்தைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆள் குழம்பும் உரையாடலோ நீளமான வருணனையோ இருக்கும். கடைசி வரை கேட்கிறவர்களின் பங்கு கூடுகிறதா என்பதை அடுத்த எட்டு எபிசோடுக்கும் கவனியுங்கள். ஆட்களைச் சேர்க்கும் வேலையை அது கூடிய பிறகு தொடங்கலாம்.

அந்த வேலையிலும் விளம்பரத்துக்குப் பணம் போடாதீர்கள். நீங்கள் வாசிக்கும் ஒவ்வோர் எழுத்தாளருக்கும் சொந்தமாக வாசகர்கள் இருக்கிறார்கள். எபிசோட் வெளியாவதற்கு முன்பே அவருக்கு இணைப்பையும், கதையின் நல்ல இடத்தில் இருந்து ஒரு நிமிடத் துண்டையும் அனுப்பிவிடுங்கள். அவர் பகிர்ந்து வரும் பத்துப் பேர் தானாக வருகிற நூறு பேரைவிட அதிகம் தங்குவார்கள். இன்னொரு கதை பாட்காஸ்டோடு பேசி, உங்கள் கதை ஒன்று அங்கே, அவர்கள் கதை ஒன்று இங்கே என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே கதை கேட்டுப் பழகியவர்கள். அப்புறம், புதிதாக வருகிறவர் எதில் தொடங்குவது என்று தெரியாமல் கடைசியாக வந்ததைத்தான் அமுக்குவார். உங்கள் கதைகளில் சிறந்த மூன்றை விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே பெயர் சொல்லிக் காட்டுங்கள். வாரம் ஒன்று என்று மூச்சுத் திணற வேண்டாம். மாதம் இரண்டு, சொன்ன கிழமையில். தொடங்கும் முன் நாலு எபிசோட் கையிருப்பு இருக்கட்டும். எட்டு முடிந்ததும் ‘இத்தனை வாரம் இடைவெளி’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வீடியோ கேட்டிருந்தீர்கள். முகப்புப் படத்தை மட்டும் வைத்து ஒலியை யூடியூபில் ஏற்றுங்கள், தேடலில் வருகிறவர்களுக்கு அது உதவும். கதைக்கு ஏற்றபடி படங்களைக் கோக்க உட்கார்ந்தால், வாசிப்புக்கும் தேர்வுக்கும் போக வேண்டிய நேரம் எல்லாம் அதிலேயே கரைந்துவிடும். விளம்பர வருமானம் வந்தாலும், கதையின் நடுவில் தானாக விளம்பரம் நுழையும் வசதியை அணைத்து வையுங்கள். 15 நிமிடக் கதையை ஒன்பதாவது நிமிடத்தில் வெட்டினால் கதையே போச்சு.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பழைய இதழில் வந்த கதை என்பதால் அது பொதுச் சொத்து ஆகிவிடாது. பதிப்புரிமை இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை, பல நாடுகளில் 70 ஆண்டுகள் வரை இருக்கும். பாட்காஸ்ட் எல்லா நாட்டிலும் கேட்கும். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் இருவரின் உரிமையையும் பார்க்க வேண்டும். நண்பர்களிடமும் ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள்: ஒலி வடிவத்துக்கு மட்டும், எத்தனை காலத்துக்கு, வருமானம் வந்தால் எப்படிப் பங்கு, அவர் அதே கதையை வேறு இடத்துக்கும் தரலாமா என்று. உங்கள் சொந்தக் கதை என்றால், பாட்காஸ்டில் வந்ததையே ‘ஏற்கெனவே வெளியானது’ என்று கருதும் இதழ்கள் உண்டு. போட்டிக்கோ இதழுக்கோ அனுப்ப நினைத்திருப்பதை முதலில் அங்கே அனுப்புங்கள். இதழ்களில் இருந்து எடுத்து அனுமதி கேட்காமல் வாசித்த எபிசோடுகளை இந்த வாரமே இறக்கிவிட்டு, அந்த எழுத்தாளர்களுக்கோ குடும்பத்தாருக்கோ எழுதுங்கள். வாசித்த ஒலிக்கோப்பையும் கூடவே அனுப்புங்கள். நீங்கள் வாசித்திருக்கும் அழகைக் கேட்டால், பலர் சம்மதிப்பார்கள் என்றே நம்புகிறேன்.