மைத்துனரைச் சிறையில் வதைத்த அதிகாரி மீது தடை கோர முடியுமா?

ஈசூனில் வசிக்கும் நிரந்தரவாசி ஒருவர் எழுதியிருக்கிறார். மியன்மாரின் மோல்மீன் நகரில் பிறந்த தமிழர். இங்கே சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். அவருடைய மனைவியின் தம்பி அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்ததற்காகக் கைதாகி, தண்டனைச் சட்டத்தின் 505ஏ பிரிவின்கீழ் மூன்றாண்டு தண்டனை பெற்றார். அது முடியும் முன்பே பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் இன்னொரு வழக்கு வந்துவிட்டது. விசாரணையின்போது அவரை அடிக்கச் சொன்ன அதிகாரியின் பெயர் குடும்பத்துக்குத் தெரியும். அந்த அதிகாரியின் மகனுக்குச் சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் இருப்பதாகவும், அதன் விலைச்சிட்டைகளைத் தம் அலுவலகத்திலேயே பார்த்ததாகவும் இவர் சொல்கிறார். சிங்கப்பூர் அந்த அதிகாரி மீது தடை விதிக்குமா, இல்லையென்றால் அமெரிக்காவிடமோ பிரிட்டனிடமோ தாமே கோர முடியுமா, கோரினால் யாருக்கு என்ன ஆபத்து என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: எதிர்பார்க்க வேண்டாம். மனித உரிமை மீறலுக்காக வெளிநாட்டு அதிகாரிகளைப் பெயர் சொல்லித் தடை செய்யும், அதாவது அவர்களின் சொத்தை முடக்கிப் பயணத்தை மறுக்கும், தனிச்சட்டம் சிங்கப்பூரில் இல்லை. ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் விதிக்கும் தடைகளை இங்கே நடைமுறைப்படுத்தச் சட்டமும் நாணய ஆணையத்தின் விதிமுறைகளும் இருக்கின்றன; ஆனால் மியன்மார் தளபதிகள் மீது அந்த மன்றம் அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. 2022ல் உக்ரேன் மீதான படையெடுப்பையொட்டி ரஷ்ய வங்கிகள் நான்கின் மீது சிங்கப்பூர் தானாகவே நடவடிக்கை எடுத்தது உண்மைதான். எனினும் அது ஒரு நாடு இன்னொரு நாட்டின் எல்லையை மீறியதற்கான பதில். ஓர் அரசாங்கம் தன் குடிமக்களையே வதைப்பது இங்குள்ள கொள்கையில் வேறு வகையாகவே பார்க்கப்படுகிறது. அதற்காகக் கை கட்டி நிற்பதாகவும் சொல்லிவிட முடியாது. மியன்மாருக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளர் 2023ல் வெளியிட்ட அறிக்கை, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் சிங்கப்பூரிலுள்ள நிறுவனங்கள் வழியாக 254 மில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள தளவாடங்கள் அந்நாட்டு ராணுவத்துக்குச் சென்றதாகக் கூறியது. அரசாங்கம் விசாரித்தது, அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்தப் போக்குவரத்து ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்திருந்தது. யாருடைய பெயரையும் பட்டியலில் போடாமலேயே இது நடந்தது.

வாசகருக்கு உண்மையில் பயன்படக்கூடியது வேறோர் இடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தடைப் பட்டியலுக்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் வலு இல்லாவிட்டாலும், இங்குள்ள வங்கிகள் அதைக் கிட்டத்தட்ட வேதவாக்காகவே எடுத்துக்கொள்கின்றன. காரணம் டாலர். இங்கிருந்து துபாய்க்கு அனுப்பும் தொகையானாலும், அது அமெரிக்க டாலரில் இருந்தால் பெரும்பாலும் நியூயார்க்கிலுள்ள வங்கியொன்றின் வழியாகத்தான் போகிறது. போகும் வழியில் அமெரிக்கச் சட்டம் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஈரானிய ஒப்பந்தங்களுக்காகச் சிங்கப்பூர் வங்கிக் கணக்கிலிருந்து டாலரில் பணம் செலுத்திய விவகாரத்தில், சிங்கப்பூர் நிறுவனமான சிஎஸ்இ குளோபலும் அதன் துணை நிறுவனமும் 2017ல் 12 மில்லியன் டாலருக்கு மேல் கட்டி அமெரிக்க நிதித்துறையுடன் சமரசம் செய்துகொண்டன. அதன் பிறகு எந்த வங்கி அதிகாரியும் துணிந்து கையெழுத்துப் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

ஹாங்காங் இதற்கு இன்னும் தெளிவான சான்று. அரசியல் எதிர்ப்பை ஒடுக்கியதாகக் கூறி 2020 ஆகஸ்ட்டில் அதன் தலைமை நிர்வாகி கேரி லாம் உட்பட 11 பேரை அமெரிக்கா பட்டியலில் சேர்த்தது. ஒருதலைப்பட்சமான வெளிநாட்டுத் தடைகளுக்கு ஹாங்காங்கில் சட்ட வலு இல்லை என்று அங்குள்ள நாணய ஆணையம் வங்கிகளுக்கு எழுதியது. இருந்தும் அந்த ஆண்டு நவம்பரில் கேரி லாம் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், தமக்கு வங்கிக் கணக்கு இல்லை, அரசாங்கம் சம்பளத்தை ரொக்கமாகத் தருகிறது, வீட்டில் பணம் குவிந்து கிடக்கிறது என்று சொன்னார். சொந்த ஊரில், சொந்த அரசாங்கத்தின் தலைவருக்கே அந்த நிலை. இதிலிருந்து வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே பணமோ, பிள்ளைகளின் படிப்போ, வீடோ, வணிகமோ உள்ளவரைத்தான் தடை வலிக்கச் செய்யும். மோல்மீனை விட்டு நகராத, உள்ளூர்ச் சம்பளத்தில் வாழும் சிறை அதிகாரியை அது தொடக்கூடச் செய்யாது. வாசகர் குறிப்பிடும் அதிகாரிக்கு மகன் பெயரில் இங்கே நிறுவனம் இருப்பது உண்மையானால், அந்தக் கோரிக்கைக்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. ரஷ்யாவில் பெரும் வரி மோசடியை அம்பலப்படுத்திய செர்கெய் மக்னிட்ஸ்கி 2009ல் மாஸ்கோ சிறையில் இறந்த பிறகு உருவானவைதான் அவர் பெயர் தாங்கிய தடைச் சட்டங்கள். அமெரிக்கா 2016ல் அதை உலகம் முழுவதற்கும் விரித்தது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2020ல் தங்களுக்கென விதிகளை வகுத்துக்கொண்டன. பெயர் ஒன்றாகப் புழங்கினாலும் அளவுகோல் ஒன்றல்ல. பிரிட்டனின் உலகளாவிய விதிகள் மூன்று உரிமைகளை மட்டுமே காக்கின்றன: உயிர் வாழும் உரிமை, சித்திரவதைக்கும் கொடூரமாக நடத்தப்படுவதற்கும் ஆளாகாத உரிமை, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை. ஆகவே அரசியல் எதிரியைப் பொய் வழக்கில் சிறையில் தள்ளியது மட்டும் அங்கே போதாது. அடித்ததற்கான ஆதாரம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் காரணமற்ற கைதும் தடுப்புக்காவலும் நேரடியாகவே இடம்பெற்றுள்ளன. அந்த விதிகளின்கீழ் 2021 மார்ச்சில் முதன்முதலாகப் பட்டியலிடப்பட்டவர்கள், அலெக்ஸி நவால்னியைக் கைது செய்து தண்டித்ததில் பங்குள்ள ரஷ்ய அதிகாரிகள் நால்வர். ஆனால் அங்கே ஒரு பெயரைச் சேர்க்க 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.

மியன்மார் வழக்குக்கு உலகளாவிய சட்டங்களைவிட அந்நாட்டுக்கென்றே உள்ள தடைத் திட்டங்கள் பொருத்தமானவை என்பது என் கருத்து. 2021 பிப்ரவரியில் பிறப்பிக்கப்பட்ட அமெரிக்க அதிபரின் 14014ஆம் எண் ஆணை, கருத்துச் சுதந்திரத்தையும் கூட்டம் கூடும் உரிமையையும் ஒடுக்குவதையும், காரணமற்ற தடுப்புக்காவலையும், சித்திரவதையையும் தனித்தனியே பெயர் சொல்கிறது. பட்டியலிடப்பட்டவரின் வாழ்க்கைத்துணையையும் வயது வந்த பிள்ளைகளையும் சேர்க்க அதில் இடமுண்டு. ஆட்சிக் கவிழ்ப்பை நடத்திய தளபதி மின் ஆங் ஹிலேங்கின் மகனும் மகளும் அந்த ஆண்டு மார்ச்சிலேயே சேர்க்கப்பட்டார்கள். இது வாசகருக்கு முக்கியம். ஏனெனில் தந்தை பட்டியலில் இருந்தால் மட்டும் மகனின் நிறுவனம் தானாக முடங்கிவிடாது. பட்டியலிலுள்ளவர்களுக்கு மொத்தத்தில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு இருந்தால்தான் அமெரிக்க விதி அந்த நிறுவனத்தைப் பிடிக்கும். பங்குகள் அனைத்தும் மகன் பெயரில் இருந்தால் மகனையும் சேர்க்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணமோ விண்ணப்ப எண்ணோ கிடையாது. யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். பதில் கிடைக்கும் என்ற உத்தரவாதம் மட்டும் இல்லை. தனியாள் அனுப்பும் உருக்கமான கடிதம் கோப்பில் தூங்கும். அமெரிக்காவுக்கான மனுக்களை ஒருங்கிணைக்கும் ஹியூமன் ரைட்ஸ் ஃபர்ஸ்ட், பிரிட்டனில் இயங்கும் ரெட்ரெஸ் போன்ற அமைப்புகள் வழியாகப் போவதே நல்லது. எந்த வடிவில் எழுதினால் அதிகாரிகள் படிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மனுவின் உயிர் சம்பவத்தில் இல்லை, அடையாளத்தில் இருக்கிறது. மியன்மார்ப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாததால், ஒரே பெயரில் காவல்துறையிலேயே பல பேர் இருக்கலாம். பர்மிய எழுத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எந்தப் பதவியில் இருந்தார், யாருக்குக் கீழே யாருக்கு மேலே என்பவை வேண்டும். அடித்த காவலரின் பெயரைவிட, அடிக்கச் சொன்னவருக்கும் அடித்தவருக்கும் இடையே உள்ள கட்டளைத் தொடர்தான் பெரும்பாலான மனுக்களில் அறுந்துபோகிறது. சிறையில் கண்ட காயங்கள், மருத்துவரின் குறிப்பு, உடனிருந்த கைதி வெளியே வந்து தந்த வாக்குமூலம், குற்றப்பத்திரிகையின் நகல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். இங்குள்ள நிறுவனத்தைப் பற்றி அறிய ஒளிவுமறைவு தேவையில்லை: கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சிறு கட்டணத்தில் இயக்குநர்களின், பங்குதாரர்களின் பெயர்களை யாரும் பெறலாம். இதைப் போன்ற பொது ஆவணங்களுக்கே ஐரோப்பாவில் மதிப்பு அதிகம். பட்டியலிடப்பட்டவர் அங்கே நீதிமன்றத்துக்குப் போனால் ஆதாரத்தைக் காட்ட வேண்டியிருக்கும், காட்ட முடியாவிட்டால் பெயர் நீக்கப்படலாம்.

பிறந்த தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்மிடமே எடுத்துக்காட்டு உண்டு. இலங்கைப் போர்க்கால மீறல்களுக்காகப் பிரிட்டன் 2025 மார்ச்சில் நான்கு பேரைப் பட்டியலிட்டபோது, கருணா என்று அறியப்படும் விநாயகமூர்த்தி முரளிதரனும் அவர்களில் ஒருவர். தந்தை பெயரும் தன் பெயரும் அப்படியே அமைந்த ஆள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தால் வங்கியின் கணினி அவரையும் நிறுத்தத்தானே செய்யும்? சம்பந்தமில்லாத ஒருவரின் சம்பளம் வங்கியில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, நீங்கள் தரும் அடையாளம் துல்லியமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால் மைத்துனர் வெளியே வருவாரா? அந்த நோக்கத்துக்குத் தடை நல்ல கருவி அல்ல. மின் ஆங் ஹிலேங் மீது தடை விதிக்கப்பட்ட பிறகும் கைதுகள் நின்றுவிடவில்லை. பெலருஸில் கைதிகள் விடுதலையானது தடையை விதித்தபோது அல்ல, தளர்த்தியபோது: 2025 செப்டம்பரில் அந்நாட்டு விமான நிறுவனம் மீதான அமெரிக்கத் தடை நீங்கியதையொட்டி 52 பேரும், டிசம்பரில் பொட்டாஷ் உரத்தின் மீதான தடை தளர்ந்தபோது நோபெல் பரிசாளர் அலெஸ் பியாலியாட்ஸ்கி உட்பட 123 பேரும் வெளியே வந்தார்கள். பேரம் பேசக் கையில் ஏதோ இருந்தது என்ற அளவில் தடை உதவியது. ஆனால் அது நாடுகளுக்கிடையே நடக்கும் பேரம், ஒரு குடும்பம் நடத்தக்கூடியது அல்ல. விடுதலைதான் குறிக்கோள் என்றால் ஜெனீவாவிலுள்ள ஐநாவின் காரணமற்ற தடுப்புக்காவல் பணிக்குழுவிடம் முதலில் முறையிடுங்கள். உள்நாட்டு மேல்முறையீடுகள் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, குடும்பத்தினரே எழுதலாம். சித்திரவதைக்கான ஆதாரத்தை 2018ல் அமைக்கப்பட்ட மியன்மாருக்கான ஐநா சுயேச்சை விசாரணைப் பொறியமைப்பிடமும் கொடுத்து வையுங்கள்.

தடை அரசியல் முடிவு என்பதையும் மறக்கக் கூடாது. 2025 ஜூலையில் மியன்மார் ராணுவத்துக்கு நெருக்கமானவர்கள் என்று முன்பு பட்டியலிட்ட சிலரை அமெரிக்கா நீக்கிவிட்டது. அதே மாதத்தில், முன்னாள் அதிபர் பொல்சனாரோ மீதான வழக்கை விசாரித்த பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்ஸாண்டர் டி மோரேஸ் மீது, அரசியல் நோக்கத்தோடு வழக்கு நடத்துகிறார் என்று சொல்லி மக்னிட்ஸ்கி தடையை விதித்தது; டிசம்பரில் அதை விலக்கிக்கொண்டது. எதிரிகளை வதைக்கும் அதிகாரிக்காகச் செய்த ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டும் திசையில்தான் பாயும்.

ஆபத்தைப் பொறுத்தவரை, முதல் கவலை சிறையில் இருப்பவரைப் பற்றியது. மக்னிட்ஸ்கி சட்டங்களுக்காக உலகெங்கும் வாதாடிய ரஷ்ய எதிர்க்கட்சி அரசியல்வாதி விளாடிமிர் காரா-முர்ஸாவுக்கு 2023ல் 25 ஆண்டு தண்டனை விதித்த நீதிபதி செர்கெய் பொடொப்ரிகோரவ், அதே சட்டத்தின்கீழ் ஏற்கெனவே தடை செய்யப்பட்டவர். ஆகவே மைத்துனருக்குச் செய்தி போய் அவர் சம்மதிக்கும் வரை அவருடைய பெயரை மனுவில் சேர்க்காதீர்கள். அமைப்புகள் பெயரை மறைத்தும் ஏற்கும்.

இங்கே இருப்பவருக்கு மூன்று எச்சரிக்கைகள். வெளிநாட்டு அரசாங்கத்துக்கோ அமைப்புக்கோ உண்மையான தகவலை எழுதி அனுப்புவது ஆர்ப்பாட்டம் அல்ல. ஆனால் பிற நாட்டு அரசியலுக்காக ஹோங் லிம் பூங்காவிலோ தூதரக வாசலிலோ கூடுவது பொது ஒழுங்குச் சட்டத்தைத் தொடும். மியன்மார் விவகாரத்தில் 2021லேயே காவல்துறை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்கறிஞருக்கும் சிறைச் செலவுக்கும் பணம் அனுப்ப உண்டியல்காரரை நாடாதீர்கள். உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனத்தின் ரசீது நாளை உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது, அந்த விலைச்சிட்டைகள். அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினால் வேலை போவதோடு, ரகசியம் காக்கும் கடமையை மீறிய வழக்கும் வரலாம். அதற்கு இங்கே முறையான வழி இருக்கிறது. குற்றத்தின் மூலம் வந்த சொத்து என்று சந்தேகிக்க வேலையின்போது காரணம் கிடைத்தால், காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவிலுள்ள சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அலுவலகத்தில் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. நல்லெண்ணத்தோடு செய்தால் அது ரகசிய மீறலாகக் கருதப்படாது. தெரிவித்ததை அந்த வாடிக்கையாளரிடமோ சக ஊழியர்களிடமோ சொல்லாதீர்கள். விசாரணை கெடும்படி தகவலைக் கசியவிடுவது தனிக் குற்றம். அறிக்கையை எழுதும் முன் இங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்; உங்கள் நிறுவனத்தில் விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் இணக்க அதிகாரி இருந்தால் முதலில் அவரிடமா, நேரடியாகவா என்பதை வழக்கறிஞர் சொல்வார்.