அண்ணா அனுப்பிய சிவப்பு விளக்கு

கேள்வி: என்ர அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் தேய்வு எண்டு சொல்லியிருக்கினம். நாரி நோவும் இருக்கு. சலரோகத்துக்குக் கனகாலமாகக் குளிசை எடுக்கிறா. கனடாவில இருக்கிற அண்ணா, நோவுக்குச் சூடு பிடிக்கிற சிவப்பு விளக்கு ஒண்டு அனுப்பியிருக்கிறார். பெட்டியில 120 வோல்ற், 250 வாற்ஸ் எண்டு கிடக்கு. பக்கத்து வீட்டு அன்ரி, "அதெல்லாம் பழசு, இப்ப எல்.ஈ.டி. சிவப்பு லைற் பெல்ற்தான், தேய்வையே மாத்தும்" எண்டு தான் வாங்கினதைக் கொண்டுவந்து காட்டுறா. அம்மாவுக்கு எதைப் பிடிக்கலாம்? எவ்வளவு நேரம்? – பெயர் வேண்டாம், சுன்னாகம்.

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த விளக்கை இன்னும் சொக்கெற்றில் போட்டுப் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். போட வேண்டாம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், எங்களுடையது 230. "அடப்டர் ஒண்டு மாட்டினால் சரி" என்று கடையில் சொல்லுவார்கள். அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும். வோல்ற் அப்படியே வரும். போட்ட கையோடு குமிழின் இழை எரிந்துபோகும், கண்ணாடி வெடித்தாலும் ஆச்சரியமில்லை. பாவிக்கத்தான் வேண்டுமென்றால் 500 வாற்ஸ் தாங்கக்கூடிய, வோல்ற்றைக் குறைத்துத் தருகிற ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வேண்டும். பயணப் பையில் கொண்டுபோகிற சின்னக் கன்வேட்டர் இதற்குக் காணாது. ட்ரான்ஸ்ஃபோமரின் விலையை விசாரியுங்கள். அதைவிட 230 வோல்ற் விளக்கு ஒன்று வாங்குவது மலிவாகவும் இருக்கலாம். லண்டன், ஜேர்மனி, சுவிஸ் பக்கமிருந்து வரும் விளக்குகளில் இந்தக் கரைச்சல் இல்லை. அங்கேயும் 230தான், பிளக் மட்டும் வேறு.

இன்னொன்றும் இங்கே நடக்கிறது. கோழிக்குஞ்சுகளுக்குப் போடும் சிவப்புக் குமிழை வாங்கி மேசை விளக்கில் மாட்டிவிடுகிறார்கள். அதிலிருந்து வருவதும் அகச்சிவப்பு வெப்பம்தான், பொய்யில்லை. ஆனால் மேசை விளக்கின் பிளாஸ்ரிக் ஹோல்டர் 250 வாற்ஸ் சூட்டில் இளகிவிடும். பீங்கான் ஹோல்டரும் முன்னால் கம்பி வலையும் இல்லாத விளக்கை வயதானவர்களின் காலுக்குக் கிட்ட வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

வோல்ற் பிரச்சினை காசோடு தீரும். எனக்கு அதைவிடப் பயம் உங்கள் கடிதத்தில் வந்த சலரோகம். கனகாலம் சீனி கூடியிருந்தவர்களுக்கு நரம்பு மரத்துப்போவது வழக்கம். பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். மரத்த தோல் சுட்டாலும் சொல்லாது. அம்மா "சுகமாக் கிடக்கு, இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவா" என்பா. அடுத்த நாள் கொப்புளம் தெரியும். சலரோகக் காலில் வந்த கொப்புளம் புண்ணாகி எங்கே போய் முடியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே விளக்கைப் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். இரண்டு சில்வர் பேணி எடுங்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர், மற்றதில் உங்கள் முழங்கையில் வைத்தால் சுடாத அளவு இளஞ்சூட்டுத் தண்ணீர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேணியின் வெளிப்பக்கத்தை முழங்காலின் முன்புறம், இரண்டு பக்கம், கீழே கெண்டைக்கால், பாதம் என்று மாறி மாறி வையுங்கள். ஒழுங்கு தெரியக்கூடாது, இரண்டு தரம் தொடர்ந்து சூட்டையே வையுங்கள், பிறகு குளிர். ஒவ்வொரு முறையும் "சூடோ, குளிரோ?" என்று கேளுங்கள். பிழை வருகிற இடத்துக்கு, யோசித்து யோசித்துச் சொல்லுகிற இடத்துக்கு விளக்கு இல்லை. முழங்காலில் எல்லாம் சரியாகச் சொல்லிப் பாதத்தில் தடுமாறினால், பாதத்தைத் தடித்த துவாயால் மூடிவிட்டு முழங்காலுக்கு மட்டும் பிடிக்கலாம். முழங்காலிலேயே தடுமாறினால் விளக்கை அலுமாரியில் வைத்துவிட்டு, அடுத்த கிளினிக்கில் கொப்பியோடு போகும்போது டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விளக்கைவிட அவருக்கு அதுதான் முக்கியமான செய்தி.

எங்கள் ஆட்கள் நொச்சி இலையையோ வறுத்த உப்பையோ துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கும்போது பொட்டலத்தின் சூடு முதலில் கொடுப்பவரின் கையில் படும். கை தாங்காவிட்டால் காலுக்கும் போகாது. விளக்கில் அந்தக் காவல் கிடையாது. அதனால் உங்கள் புறங்கையை அம்மாவின் முழங்காலோடு ஒட்டி, அதே வெளிச்சத்தில், ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுள்ளென்றால் அம்மாவுக்கும் கூடத்தான்.

பரிசோதனையில் சரி என்றால் பிடிக்கும் முறை இது. 250 வாற்ஸ் விளக்கு ஒன்றரை அடிக்குக் கிட்ட வரக்கூடாது; இரண்டு அடியில் தொடங்குங்கள். காலுக்கு நேர்மேலே தொங்கவிட வேண்டாம், குமிழ் கழன்றால் காலில்தான் விழும். பக்கவாட்டில், சரியாத மேசையில் வையுங்கள். தோல் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய், தைலம், பாம் எதுவும் பூசியிருக்கக் கூடாது. பூசியிருந்தால் கழுவித் துடைத்த பிறகுதான். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது, "பூசிப்போட்டு வெக்கை பிடிச்சாத்தானே உள்ளுக்கு இறங்கும்" என்பார்கள். தோல் பொசுங்கி வந்தவர்களில் பலர் அப்படிச் செய்தவர்கள்தான். நேரம் 15 நிமிடம், ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை தோலைப் பாருங்கள். மெல்லிய சிவப்பு வரலாம், திட்டுத் திட்டாக வந்தால் நிற்பாட்டுங்கள். போனில் அலாரம் வையுங்கள், அம்மாவை நித்திரை கொள்ள விடவேண்டாம். குமிழை நேரே பார்க்கவும் வேண்டாம். கண்ணாடி உருக்கும் தொழிலாளர்களுக்குக் கண்ணில் புரை விழுந்ததற்கு இதே அகச்சிவப்புத்தான் காரணம்.

சித்திரை, வைகாசி வெக்கையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு விளக்குப் பிடிக்காதீர்கள். காற்றில் சூடு தெரியாமல் விளக்கைக் கிட்ட இழுக்கத் தோன்றும். விடிய வெள்ளன பிடியுங்கள். இடையில் கறன்ட் போனால் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுத்தான் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் கறன்ட் வரும்போது ஆளில்லாத இடத்தில் விளக்கு எரியும். கட்டில் விரிப்புக்குக் கிட்ட என்றால் நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? இந்த வெப்பத்தின் பெரும்பகுதி தோலிலும் அதற்குக் கீழே சில மில்லிமீற்றரிலும் நின்றுவிடும். தேய்ந்த குருத்தெலும்புக்கு அது போய்ச் சேராது. தோலின் இரத்தக் குழாய்கள் விரியும், இறுகிக் கிடந்த தசை தளரும், சூட்டு உணர்வு நோவு உணர்வைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். விளக்கை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் முழங்கால் இலகுவாக இருக்கும். அந்த நேரத்தைப் படுத்துக் கழித்தால் விளக்கு வீண்.

அம்மாவைக் கைப்பிடி உள்ள கதிரையில் இருத்துங்கள். ஒரு காலை நேரே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும். காலுக்குப் பத்துத் தரம். பிறகு கதிரையிலிருந்து எழும்பி இருப்பது, முடிந்தவரை கையை ஊன்றாமல். முழங்கால் தேய்வுக்கு இன்று உலகமெங்கும் முதலில் சொல்லுவது உடற்பயிற்சியைத்தான். யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ பிசியோதெரபிக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போனால், அம்மாவின் காலைப் பார்த்து எது ஏற்றது என்று இலவசமாகவே காட்டித் தருவார்கள்.

முழங்கால் வீங்கி, தொட்டால் சுடுகிற நாளில் விளக்கு வேண்டாம், ஈரத் துணி போதும். விழுந்து சுளுக்கினாலும் முதல் இரண்டு நாளைக்குச் சூடு கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகுமென்றால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். எந்த விளக்கும் பிடிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நாரிக்கும் இதே 15 நிமிடம்தான், ஆனால் பேணிப் பரிசோதனையை நாரியிலும் செய்யுங்கள். நாரி நோவோடு கால் பலமிழந்தாலோ சலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அதுவும் ஆஸ்பத்திரிக் காரியம்.

இனி அன்ரியின் பெல்ற். அது வேறு சாமான். சூட்டால் வேலை செய்வதில்லை. ஏறத்தாழ 600 முதல் 1,000 நனோமீற்றர் வரை அலைநீளமுள்ள சிவப்பு ஒளியும் அதற்கு அடுத்த அகச்சிவப்பும் கலங்களுக்குள் ஏதோ தூண்டுதல் செய்கின்றன என்பது அதன் கணக்கு. முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கழுத்து நோவுக்கு இதே வகை ஒளியை லேசராகக் கொடுத்த பரிசோதனைகளைத் திரட்டி 2009இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, நோவு குறைந்ததாகவே சொன்னது. மறுபக்கம், சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்வு வழிகாட்டியில் லேசர் சிகிச்சை கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறது. ஆய்வில் பாவித்த கருவி கொடுத்த ஒளியின் அளவு ஒன்று, இணையத்தில் விற்கிற பெல்ற் கொடுப்பது வேறொன்று. பல பெல்ற்களில் அளவே எழுதியிருக்காது. தேய்ந்ததை வளர்க்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அன்ரி சும்மா தந்தால் ஒரு கிழமை கட்டிப் பாருங்கள், அதுவும் சூடாகிறதா என்று கை வைத்துப் பார்த்துத்தான். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

அண்ணாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். வோல்ற் கதையை மட்டும் சொல்லுங்கள், அவருக்கு மனம் நோகாது. வேறென்ன அனுப்பட்டும் என்று கேட்டால், வீட்டில் உயரமான, கைப்பிடியுள்ள, ஆடாத கதிரை இல்லாவிட்டால் அதற்குக் காசு அனுப்பச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலேயே செய்விக்கலாம்.