ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சமூக உணர்வுக் கற்றல் எல்லாம் தேவையா? பாடம் நடத்தவே நேரம் போதவில்லையே?

கேட்டவர் ஆசிரியரா, பெற்றோரா தெரியவில்லை. நேரம் போதவில்லை என்று புலம்புவதைப் பார்த்தால் ஆசிரியர்தான். அதுவும் புதிதாகச் சேர்ந்து, ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய், சிரித்த முகம் அழுத முகம் எல்லாம் ஒட்டிய சார்ட்டோடு திரும்பி வந்தவர். அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பெற்றோர் என்றால் கடைசிப் பத்தியை மட்டும் படித்தால் போதும்.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. பள்ளியில் டீச்சர். ஒன்று முதல் நாலு வரை வகுப்புகள். கேரளாவில் ஏது தமிழ் மீடியம் என்பவர்கள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் ஒரு நடை வந்து பாருங்கள். பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கும், பஸ்ஸுக்குள் சண்டை தமிழில் நடக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: தன் உணர்வைப் புரிந்து சமாளிக்கவும் பிறரோடு ஒத்துப்போகவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் சமூக உணர்வுக் கற்றல், அது தேவை. தனி பீரியட்தான் தேவையில்லை.

"இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, பணக்காரப் பள்ளிக்கூடத்து ஆடம்பரம்" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சரக்குதான். ஆனால் இதன் வேரைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் 1968ல் நியூ ஹேவன் நகரத்தில் இரண்டு ஆரம்பப் பள்ளிகள். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த, எந்நேரமும் அடிதடியாகக் கிடந்த பள்ளிகள். ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் அங்கே பெற்றோரையும் ஆசிரியரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆரம்பித்த வேலை அது. 1994ல் கேஸல் என்ற அமைப்பு உருவானபோதுதான் அதற்குச் சமூக உணர்வுக் கற்றல் என்ற பெயர் வந்தது. தன்னை அறிதல், தன்னைக் கட்டுப்படுத்துதல், பிறர் நிலை உணர்தல், உறவு பேணுதல், யோசித்து முடிவெடுத்தல் என்று அதற்கு ஐந்து கிளை. பயிற்சியில் ஐந்தையும் பவர்பாயின்ட்டில் காட்டுவார்கள், டீ வரும், முடிந்துவிடும்.

எங்களுக்கும் சார்ட் கொடுத்தார்கள். காலையில் வந்ததும் பிள்ளைகள் தங்கள் பெயர்ச் சீட்டை ஏதாவது ஒரு முகத்துக்குக் கீழே செருக வேண்டும். நான் நினைத்தபடியே நடந்தது. அத்தனை சீட்டும் சிரித்த முகத்துக்குக் கீழே! வீட்டில் அடி வாங்கி முகம் வீங்கி வந்த பெண்கூட அங்கேதான் செருகினாள். டீச்சர் கேட்டால் சரியான விடை ஒன்று இருக்கும் என்பது ஆறு வயதுக்குள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. சார்ட் இன்னும் சுவரில் இருக்கிறது, ஆய்வுக்கு வருகிறவர்கள் போட்டோ எடுக்க வசதியாக.

அந்த வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். விளையாட்டில் தோற்றால் கடிப்பான். சும்மா பல் படுவது இல்லை, பக்கத்துப் பிள்ளையின் கையில் வட்டமாகத் தடம் பதியும். ஓணம், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு மாதிரி சமாளித்தோம். ஜனவரியில் தலைக்கு மேல் போனது. பாட்டி வந்து, "ரெண்டு வெச்சாத்தானுங்க டீச்சர் அடங்குவான், நீங்க வையுங்க, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார். வைக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடம்பை அடிப்பதையும் தடுக்கிறது, மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். கடிக்கிறவனுக்கு அடி புதிதா என்ன?

பாட்டியிடம் பேச்சுக் கொடுத்ததில்தான் விஷயம் வந்தது. அம்மா முதலமடை மாந்தோப்பு வேலைக்குப் போகிறார். ஜனவரியில் சீசன் பிடித்தால் இவன் எழுந்திருக்கும் முன்பே ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இருட்டில் போய் இருட்டில் வருகிற அம்மாவை இவன் கண்ணால் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வருகிற மாம்பழம் எங்கள் ஊருடையது என்று பெருமையாகச் சொல்வோம். அது இந்தப் பக்கம் எங்கே போய் இடிக்கிறது பாருங்கள்.

அட்டெண்டன்ஸ் எடுத்ததும் தரையில் வட்டமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவது எங்கள் வழக்கம். ஒருநாள், "கோவம் வர்றதுக்கு முன்னாடி உடம்புல எங்க தெரியும்?" என்று கேட்டேன். ஒருத்தி பல்லைக் காட்டினாள். ஒருத்தன் கை குறுகுறுக்கும் என்றான். இவன் கடைசியில், "காது சூடாகும் டீச்சர்" என்றான். சரி, காது சூடானால் யாரையும் கேட்க வேண்டாம், எழுந்து குழாயடிக்குப் போ, முகம் கழுவு, வா என்று பேசி வைத்துக்கொண்டோம்.

முதல் வாரம் கணக்கு பீரியட் வந்தாலே பாதி வகுப்புக்குக் காது சூடானது. ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "குழாய்க்கிட்ட என்ன டீச்சர் திருவிழா?" என்றார். பொறுத்துக்கொண்டேன். தண்ணீரில் விளையாடும் ஆசை தீர்ந்ததும் கூட்டம் தானாகவே கலைந்தது.

அப்புறம் ஒரு நாள், பக்கத்தில் இருந்தவன் இவன் போட்டு வைத்த கணக்கை ரப்பரால் தேய்த்துத் தாளையே கிழித்துவிட்டான். இவன் வாய் அவன் கைப்பக்கம் போனது. நான் மேஜையிலிருந்து எழுந்துவிட்டேன். பாதியில் நின்று தன் காதை இரண்டு விரலால் பிடித்தான், நேராக வெளியே போனான். சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, "அவன் என் கணக்க அழிச்சுட்டான் டீச்சர்" என்றான். அதுவரை அவன் என்னிடம் புகார் என்று ஒன்றைச் சொன்னதே இல்லை. நான் மற்றவனை "சாரி சொல்லு" என்று சொல்லவில்லை. சாரி என்பது பிள்ளைகளுக்குத் தப்பிக்கிற வழி. "இப்ப இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டேன். கிழித்தவன் ரொம்ப யோசித்துத் தன் புது ரப்பரை ஸ்கேலால் அறுத்துப் பாதியைக் கொடுத்தான். கணக்குக்கும் பாதி ரப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அவர்களுக்குள் கணக்குத் தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் அவன் கடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். கடித்தான். குறைந்தது, அவ்வளவே. ஏப்ரலில் சீசன் இறங்கி அம்மா காலையில் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் இன்னும் குறைந்தது. என் சாமர்த்தியம் எவ்வளவு, மாமரத்தின் சாமர்த்தியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை.

"ஒரு பையன் கதையை வைத்துக்கொண்டு அளக்காதீர்கள்" என்பவர்களுக்கு: 2011ல் டர்லக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் இப்படிப்பட்ட 213 திட்டங்களை, 2 லட்சத்து 70 ஆயிரம் மாணவர்களை ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். இந்தக் கற்றல் கிடைத்த பிள்ளைகள் படிப்பிலும் சுமார் 11 பெர்சன்டைல் புள்ளி, அதாவது நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை ஏறக்குறைய 11 இடம், முன்னால் இருந்தார்கள். வெளியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை, வகுப்பு ஆசிரியரே நடத்தினாலும் பலன் உண்டு என்றும் அதில் இருக்கிறது. பாடத்துக்கு நேரமில்லை என்கிறீர்களே, ஒரு கடிக்கு எவ்வளவு நேரம் போகிறது தெரியுமா? மருந்து போட்டு, இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு, மறுநாள் வந்து கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கழித்தல் கணக்கு ஒரு பாடம் போயிருக்கும்.

ஒன்று எச்சரிக்கிறேன். இதைச் செய்தால் பிள்ளைகள் அடங்கி உட்காருவார்கள் என்று எண்ண வேண்டாம். எதிர்த்துப் பேசுவார்கள். "நீங்க கத்துனா எனக்கு வயித்துல என்னமோ பண்ணுது" என்று ஒரு பொடிசு எங்கள் சக டீச்சரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. அவர் என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது.

இப்போது என் வயிற்றெரிச்சல். எல்லை தாண்டி ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம், வேன் விட்டு எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. அவர்கள் நோட்டீஸில் "எமோஷனல் இன்டெலிஜென்ஸ் வகுப்பு" என்று போட்டு அதற்குத் தனிக் கட்டணம்! இங்கே இலவசமாகத் தரையில் உட்கார்ந்து செய்தால் அதற்கு மதிப்பில்லை. கேரளாவில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்று முடிவாகும். எல்.பி.யில் 30 பிள்ளைக்கு ஒரு டீச்சர். எண்ணிக்கை விளிம்பில் இருந்தால் இரண்டு தலை குறைந்தாலே ஒரு போஸ்ட் போகும். மிச்சமிருக்கும் டீச்சர் இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு யாருடைய காது சூடாகிறது என்று பார்ப்பது? மலையாளம் மட்டும் தெரிந்தவரைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவே போட்டால் கதை இன்னும் மோசம். அவரைக் குறை சொல்லவில்லை, அழுகிற பிள்ளை எதற்கு அழுகிறது என்று அவருக்கு எப்படி விளங்கும்? கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் போகிறேன் என்று தெரிகிறது, இருக்கட்டும்.

பெற்றோராக இருந்தால்: நோட்டீஸை நம்ப வேண்டாம். சேர்ப்பதற்கு முன் இன்டர்வெல் நேரத்தில் போய் கேட் பக்கம் நில்லுங்கள். எப்படியும் இரண்டு பேர் கட்டிப் புரளுவார்கள். டீச்சர் பிரித்துவிட்டுப் போய்விடுகிறாரா, இரண்டு பேர் சொல்வதையும் கேட்கிறாரா என்று பாருங்கள். எங்கள் பள்ளிக்கும் வந்து பார்க்கலாம். பிடித்திருந்தால் ஜூனில் அந்த ஆறாவது வேலை நாளுக்குள் சேர்த்துவிடுங்கள், எங்களுக்கும் உபகாரமாக இருக்கும்.