விவாகரத்துச் சான்றிதழ் எந்த ஆபீஸில் கிடைக்கும்?
வாசகர் கேள்விகளுக்கு வக்கீலின் பதில்கள்

விவாகரத்து பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டேன். சென்னை குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் என்பதால் அங்கே நான் பார்க்கும் நடைமுறையை வைத்தே எழுதுகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். 2012-ல் நானும் கணவரும் பேசிப் பிரிந்தோம். ஐகோர்ட் வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மற்றதை எல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டார். இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் விவாகரத்துச் சான்றிதழ் கேட்கிறார்கள். இ-சேவை மையத்திலும் சார்பதிவாளர் ஆபீஸிலும் இல்லை என்கிறார்கள். அன்றைய வக்கீலின் போன் நம்பரும் இல்லை. எங்கே வாங்குவது? (வாசகி, பெரம்பூர்)

பதில்: அவர்கள் சொன்னது சரிதான், தங்கச்சி. பிறப்பு, இறப்புக்கு மாநகராட்சியில் பதிவேடு உண்டு. கல்யாணத்துக்குப் பதிவுத் துறை உண்டு. விவாகரத்துக்கு அப்படி ஓர் ஆபீஸ் இல்லை. விவாகரத்தைக் கொடுத்த நீதிமன்றத்தின் தீர்ப்பாணைதான் சான்றிதழ். கோர்ட் பக்கம் அதை ‘டிகிரி’ என்போம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஓர் இடம் என்னை உறுத்துகிறது. ‘போய்க் கையெழுத்துப் போட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை போனீர்கள்? இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து கேட்டால் இரண்டு கட்டம் உண்டு. ஒரு வருடமாவது பிரிந்து இருந்த பிறகு இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். அப்புறம் ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி நீதிபதி முன் வந்து ‘இன்னமும் சம்மதம்தான்’ என்று சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் நீதிபதி தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-ல்தான். உங்கள் வழக்கு அதற்கு முந்தையது. முதல் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது முறை ஆள் வராத மனு தள்ளுபடி ஆகிவிடும். அப்படி நடந்திருந்தால் சட்டப்படி நீங்கள் இன்னமும் அவருடைய மனைவி. அந்த நிலையில் செய்யும் கல்யாணம் செல்லாது, அது குற்றமும் ஆகும். அதனால் வரனுக்கு ‘சரி’ சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? வழக்கு விவரங்கள் இருக்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ அதன் செயலியிலோ தமிழ்நாடு, சென்னை என்று தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில்தான் ஏற்றியிருப்பார்கள், அதனால் ஒரு எழுத்து மாறினாலும் கண்ணில் படாது. கணவர் பெயரிலும் தேடுங்கள், எழுத்தை மாற்றி மாற்றியும் தேடுங்கள். கிடைத்தால் ஓ.பி. எண் (நீதிமன்றம் உங்கள் மனுவுக்குக் கொடுத்த வழக்கு எண்), ஆண்டு, 16 இலக்க சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் இருக்கும் தனி அடையாள எண்), வழக்கு முடிந்த தேதி, முதன்மை நீதிமன்றமா கூடுதல் நீதிமன்றமா என்பது, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வழக்கு அதில் சிக்காமல் போகலாம். அப்போது நேரில்தான் போக வேண்டும். ஐகோர்ட் மெட்ரோவில் இறங்கினால் பக்கம். போகும்போது கையில் இருக்கும் பழைய காகிதம் எதுவானாலும் எடுத்துப் போங்கள். மனுவின் ஜெராக்ஸ், கோர்ட் நோட்டீஸ், வக்கீல் எழுதிக் கொடுத்த வாய்தா சீட்டு என்று எதில் வேண்டுமானாலும் அந்த ஓ.பி. எண் இருக்கலாம்.

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நகல் மனு போட வேண்டும், ‘காப்பி அப்ளிகேஷன்’ என்று கேட்டால் புரியும். வழக்கு எண், இருவர் பெயர், தீர்ப்பு தேதி, நீங்கள் மனுதாரரா எதிர்மனுதாரரா என்ற விவரம் எழுதி, அடையாள அட்டை வைத்துக் கொடுங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேளுங்கள். ஒரு பிரதியோடு நிற்காதீர்கள். கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட், விசா, ரேஷன் கார்டு என்று ஒவ்வோர் இடத்திலும் இதைக் கேட்பார்கள். பழைய வழக்குக் கட்டை ரெக்கார்டு அறையிலிருந்து எடுத்து வர நேரம் ஆகும், அதற்கும் இடம் கொடுத்துக் கல்யாணத் தேதியைக் குறியுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், இனிஷியல், கல்யாணத் தேதி தவறாக இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152-ஆம் பிரிவில் திருத்த மனு போட்டுச் சரிசெய்யலாம்.

இன்னொன்று. விவாகரத்துத் தீர்ப்பாணையின் பிரதியை இருவருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 23(4) சொல்கிறது. உங்கள் பிரதியை அன்றைக்கே யாரோ வாங்கி வைத்திருக்கலாம். முதலில் அண்ணன் வீட்டு பீரோவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வாழ்க்கையைப் பற்றிய காகிதம் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கேள்வி: மேடம், நான் இரண்டு வீட்டில் வேலை செய்கிறேன். கணவர் விட்டுப் போய் நான்கு வருடம். போன வாரம் அவர் தம்பி போன் செய்து, ‘அண்ணனுக்கு விவாகரத்து கிடைத்துவிட்டது, இனிமேல் பணம் கேட்காதே’ என்கிறார். எனக்கு ஒரு நோட்டீஸும் வரவில்லை. இப்படி நடக்குமா? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: நடக்கும் அம்மா. உங்களுடைய பழைய விலாசத்துக்குச் சம்மன் போயிருக்கும். ஆள் இல்லை என்று அது திரும்பியிருக்கும். அமீனா போய்ப் பூட்டின கதவில் ஒட்டியிருப்பார், அல்லது கோர்ட் அனுமதியோடு ஏதோ ஒரு பேப்பரில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகியிருக்கும். ‘எக்ஸ்பார்ட்டி’ என்பது இதைத்தான். ஆனால் கொழுந்தன் போனில் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். முதலில் காகிதத்தைப் பார்ப்போம்.

நீங்கள் அந்த வழக்கின் எதிர்மனுதாரர். தீர்ப்பின் நகல் கேட்கவும், வழக்குக் கட்டைப் பார்வையிட மனு போடவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டில் மூன்று விஷயம் பாருங்கள். எந்த விலாசம் கொடுத்தார்? சம்மன் எப்படித் திரும்பியது? நீங்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? இந்த விலாசத்துக்கு அவர் அனுப்பிய மணியார்டர், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அவர் போட்ட கையெழுத்து, போனில் வந்த செய்தி, எல்லாமே சாட்சி. தெரிந்தே தவறான விலாசம் கொடுத்தார் என்று காட்ட முடிந்தால் உங்கள் மனு வலுவாக நிற்கும்.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி, தீர்ப்பு கொடுத்த நீதிமன்றத்திலேயே மனு போடலாம். தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள் உங்களுக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடும். போன் வந்தது போன வாரம் என்கிறீர்கள், அதனால் நாளைக்கே கிளம்புங்கள். போன் வந்த தேதியை எழுதி வையுங்கள், அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள்.

பணம் கேட்கக் கூடாது என்று அவர் சொன்னது தப்பு. விவாகரத்து ஆன மனைவி மறுமணம் செய்யாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லாமல் இருந்தால் ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 144-ஆம் பிரிவாக இருக்கிறது. பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கும் உங்கள் விவாகரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். இது யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.

கேள்வி: கல்யாணம் மதுரையில் நடந்தது. தாம்பரத்தில் குடித்தனம். ஒன்றரை வருடமாக மனைவி மதுரையில் அவர் அம்மா வீட்டில் இருக்கிறார். பரஸ்பர சம்மதத்துக்கு மறுக்கிறார். எனக்கு வேலை அண்ணா சாலையில். சென்னையில் கேஸ் போடலாமா? வாட்ஸ்அப் செய்திகள் சாட்சியாகச் செல்லுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: வேலை பார்க்கும் இடம் கணக்கில் வராது, தம்பி. கல்யாணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இவற்றில் ஒன்றில்தான் நீங்கள் போட முடியும். முதல் இரண்டும் மதுரை. மூன்றாவது தாம்பரம், அது செங்கல்பட்டு மாவட்டம். பாரிமுனையில் உள்ள சென்னை குடும்ப நல நீதிமன்றத்துக்கு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். மனைவி வழக்குப் போட்டால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலேயே போடலாம், 2003-ல் செய்த திருத்தம் அது. நீங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் போட்டாலும் வழக்கை மதுரைக்கு மாற்றக் கேட்டு அவர் உயர் நீதிமன்றம் போகலாம். இப்படிப்பட்ட மனுக்களில் பெண்ணின் வசதிக்குத்தான் பெரும்பாலும் முன்னுரிமை கிடைக்கும்.

விட்டுப் போனார் என்ற காரணம் உங்களுக்கு இன்னும் கிடைக்காது. அதற்குத் தொடர்ந்து 2 வருடம் ஆக வேண்டும். கொடுமை என்று போட்டால் தேதி, இடம், என்ன நடந்தது, யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். ‘சொல்ல முடியாத மன உளைச்சல்’ என்று பக்கம் பக்கமாக எழுதும் மனு குறுக்கு விசாரணையில் நிற்காது. வாட்ஸ்அப் செய்தி செல்லும், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழோடு கொடுக்க வேண்டும். போனையும் பத்திரமாக வையுங்கள். மனுவோடு வைக்கக் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று, இருவர் விலாச ஆதாரம், குழந்தை இருந்தால் பிறப்புச் சான்று ஆகியவை போதும்.

ஒரு வார்த்தை. இந்த ஒன்றரை வருடத்தில் மதுரைக்குப் போய்ப் பேசினீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. நீதிமன்றமும் உங்களை முதலில் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோதான் அனுப்பும். அவர் ஏன் மறுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நகை, குழந்தை, ஜீவனாம்சம் இவற்றில் ஒரு முடிவு ஏற்பட்டால் பரஸ்பர சம்மதத்துக்கு இறங்கி வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பெரியவர்கள் முன்னால் மகளும் மருமகனும் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி சீல் வாங்கித் தீர்த்துக்கொண்டார்கள். இது போதும்தானே? (வாசகி, ராயபுரம்)

பதில்: போதாது அம்மா. நோட்டரிக்குக் கல்யாணத்தை முறிக்கும் அதிகாரம் கிடையாது. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை இந்து திருமணச் சட்டம் 29(2) ஏற்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்றால் அந்தத் தாளில் எழுதிய நிபந்தனைகளையே வைத்து 13-பி மனு போட்டுவிடுங்கள். மகளுக்கு வேறு இடம் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: மகளுக்கு விவாகரத்து ஆன மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம். அவர் கோர்ட் பேப்பரை நாங்களே எடுத்துப் பார்க்கலாமா? (வாசகர், வில்லிவாக்கம்)

பதில்: நேரடியாக எடுக்க முடியாது ஐயா. குடும்ப வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும், விவரங்களை வெளியிடக் கூடாது என்று இந்து திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி நீதிபதியிடம் அனுமதி வாங்க வேண்டும். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்ற காரணத்துக்கு அது சுலபத்தில் கிடைக்காது.

மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலைக் கேளுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், கோர்ட் முத்திரை உள்ள பிரதி. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உங்கள் மகள் வாழப்போகும் வாழ்க்கை. அந்த நகலில் இருக்கும் ஓ.பி. எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டு, பெயரும் முடிந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால் அவருடைய முன்னாள் மனைவிக்குச் சம்மன் எப்படிச் சேர்ந்தது என்று கேளுங்கள். மேலே வியாசர்பாடி அம்மா எழுதியிருப்பதைப் படித்தால் ஏன் என்று புரியும். எதிர்த்து நடந்த வழக்கு என்றால் மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் அது 30 நாள், இந்து திருமணச் சட்டம் 28-ஆம் பிரிவில் 90 நாள். 90 நாளையே கணக்கில் வையுங்கள். நகல் வாங்க ஆன நாட்களும் அதோடு சேரும். அதற்குப் பிறகு, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இல்லை என்று ஒரு வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டு முகூர்த்தம் குறியுங்கள். பரஸ்பர சம்மதத் தீர்ப்புக்குக் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது, அதனால் அங்கே இந்தக் காத்திருப்பு தேவைப்படாது.