வாசகர் கேள்வி பதில்: ஹோஸ்ட் குடும்பத்தோடு மலைக்குப் போகும்போது

வெளிநாட்டில் படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கியிருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த முறை மலைப் பயணத்துக்கு மட்டும் பக்கத்தை ஒதுக்கிவிட்டோம்.

கே: வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். ‘ஒன்றும் கொண்டுவர வேண்டாம், சும்மா வா’ என்கிறார்கள். நிஜமாகவே ஒன்றும் வேண்டாமா?

ப: அவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர்களுடைய கம்பளிகள் அந்த மலைவீட்டு அலமாரியிலேயே கிடக்கும். உங்களுடையது கிடக்காது. அதனால் புதன்கிழமைக்குள் நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இரவு தூங்கும் இடம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது? போர்வை, விரிப்பு, துண்டு அங்கே உண்டா? சனிக்கிழமை நடையா, பனியில் விளையாட்டா, வீட்டிலேயே ஓய்வா? ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவோம்?

இதில் முதல் கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். 200 மீட்டரில் இருக்கும் ஊரில் 18 டிகிரி என்றால், 1700 மீட்டரில் இருக்கும் வீட்டில் ஏறத்தாழ 8 டிகிரி. அது பகல் கணக்கு. மேகமில்லாத இரவில் இன்னும் இறங்கும், காற்றடித்தால் உடம்புக்கு அதைவிடக் குளிராகத் தெரியும். போனில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்க்கும் வானிலை பெரும்பாலும் அடிவாரத்து ஊருக்கானது.

ஸ்லீப்பிங் பேக் இரவல் வாங்கினால் அதன் லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ‘கம்ஃபர்ட்’, மற்றது ‘லிமிட்’. லிமிட் எண்ணை நம்பக்கூடாது. உடலைச் சுருட்டிக்கொண்டு படுத்தால் நடுங்காமல் தாங்கலாம் என்கிற எல்லை அது. நிம்மதியாகத் தூங்க கம்ஃபர்ட் எண்ணைப் பாருங்கள்.

கே: என்னிடம் இருப்பது ஜீன்ஸும் பருத்திச் சட்டைகளும்தான். தடிமனான ஜாக்கெட் ஒன்று வாங்கினால் போதாதா?

ப: போதாது. சொல்லப்போனால், அந்த ஒற்றைத் தடிமன் ஜாக்கெட்டால்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏறும்போது அதைப் போட்டிருந்தால் வியர்த்துக் கொட்டும். உச்சியில் நின்று படம் எடுக்கும் பத்து நிமிடத்தில் அந்த வியர்வை குளிர்ந்து நடுக்கம் வரும். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும். நனைந்த ஜீன்ஸ் கனத்துப்போய் முழங்காலையும் மடக்க விடாது.

மூன்று அடுக்குகள் வேண்டும். தோலை ஒட்டி, மெல்லிய கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ ஆன ஒரு சட்டை. ஓடுபவர்கள் போடும் டி-ஷர்ட்டே போதும். அதன்மேல் ஃப்ளீஸ் (பஞ்சு போன்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கையை உயர்த்திப் பாருங்கள். இறுக்கினால் மேலுறை ஒரு அளவு பெரிதாக வேண்டும். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. ஓய்வெடுக்க உட்காரும்போது, குளிர் தெரிவதற்கு முன்பே ஸ்வெட்டரை மாட்டிவிடுங்கள்.

காலுறை நடக்கும் நாளுக்கு ஒரு ஜோடி, அதோடு தூங்குவதற்கென்றே நனையாத ஒரு ஜோடி. இந்தத் தூங்கும் ஜோடியை வெளியே போட்டுக்கொண்டு போகவே கூடாது. தொப்பி, கையுறை கோடையிலும் பையில் இருக்கட்டும். குளிர்க் கண்ணாடி அழகுக்கு அல்ல. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அந்தக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழும்கூட வெயிலில் கருகும். சன்ஸ்கிரீனை அங்கேயும் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவுங்கள்.

கே: அவர்களுடைய மகனின் பழைய மலையேற்ற ஷூவைத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

ப: சோதித்துவிட்டு வாங்குங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த ஷூவில், சோலுக்கு மேலே இருக்கும் பாலியூரித்தேன் அடுக்கு காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே உளுத்திருக்கும். பார்க்கப் புதுசு போல இருக்கும். நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் சோல் மொத்தமாகக் கழன்று தொங்கும். ஷூவை இரண்டாக வளைத்து, அந்த அடுக்கைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். விரிசல் விட்டாலோ தூளாக உதிர்ந்தாலோ நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நல்ல நிலையில் இருந்தால், தடித்த காலுறையோடு போட்டுப் படியில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனி முன்பக்கம் இடித்தால் அளவு போதாது. குதிகால் மேலே எழும்பினால் கொப்புளம் நிச்சயம். எரிச்சல் தொடங்கிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுவதுதான் வைத்தியம். ‘எல்லோரையும் நிறுத்த வேண்டுமே’ என்று கூச்சப்பட்டால், அரை மணி கழித்து உங்களால் எல்லோரும் மெதுவாக நடக்க வேண்டி வரும்.

கே: கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். காரில் இதை எப்படிச் சொல்வது?

ப: கிளம்புவதற்கு முன்பே சொல்லி முன் இருக்கையைக் கேளுங்கள். தங்கள் கார் நாறாமல் இருக்க எந்தக் குடும்பமும் சம்மதிக்கும்! உள்காது அசைவை உணரும்போது கண் அசையாத எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் மூளை குழம்புகிறது. ஆகவே போனும் புத்தகமும் கூடாது. வளைவு எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அந்தப் பக்கச் சாலையைத் தூரத்தில் பாருங்கள். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிரம்பியும் இருக்கக் கூடாது. மாத்திரை போடுவதானால் மருந்தாளரிடம் கேட்டு, வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் வகை என்றால் அன்றைக்கு நீங்கள் காரோட்டக் கூடாது.

சின்ன விஷயம் ஒன்று. மேலே காற்றழுத்தம் குறைவதால் ஷாம்பூ, கிரீம் டப்பாக்கள் உப்பிக் கசியும். பாதி காலியான டப்பாவை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடி, தனிப் பையில் வையுங்கள்.

கே: போன முறை இரவெல்லாம் தலைவலி. உயரம்தான் காரணமா?

ப: எத்தனை மீட்டரில் தூங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் வரும். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். போய்ச் சேர்ந்த 6 முதல் 12 மணி நேரத்தில் தலைவலியும் கூடவே குமட்டல், அசதி, தலைசுற்றலில் ஏதாவதும் வரும். அப்படி வந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. மது கூடாது. ஓய்வெடுத்தும் மோசமானால் இறங்கியாக வேண்டும், 300 முதல் 1000 மீட்டர் இறங்கினாலே பெரும்பாலும் தெளியும். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். அது அவசர நிலை, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆனால் வீடு 1200, 1500 மீட்டரில் இருந்தால் உயரத்தைக் குற்றம் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் குடிக்காதது காரணமாக இருக்கலாம். அதைவிட முக்கியமாக, அறையில் விறகடுப்போ எரிவாயு ஹீட்டரோ இருந்ததா? கார்பன் மோனாக்சைடும் இதே தலைவலியையும் குமட்டலையும்தான் தரும். அதற்கு மணமில்லை. ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் தெளிந்தால், சந்தேகமே வேண்டாம். எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுபோய், அவசர எண்ணை அழையுங்கள். சூடு விடியும்வரை நிற்கட்டும் என்று கங்கு கனலும்போதே காற்று வரும் வழியையோ புகைபோக்கித் தகட்டையோ முழுதாக மூடுவதுதான் வழக்கமான தவறு. கருவி இல்லாத வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பரிசாக வாங்கிப் போகலாம். பூங்கொத்தைவிட உருப்படியானது.

கே: ‘இரண்டு மணி நேர எளிய நடை’ என்றார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. யார் தவறு?

ப: யார் தவறும் இல்லை, வேகம் வேறு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 36 நிமிடம். இது பழக்கப்பட்ட, நிற்காமல் நடக்கிற ஆளுக்கு. பழக்கமில்லாதவர்கள் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 4 மணி நேரம். ஆகவே ‘எத்தனை மணி நேரம்’ என்று கேட்காமல் ‘எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம்’ என்று கேளுங்கள்.

இடி கேட்டால் முகட்டிலிருந்து இறங்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மீண்டும் ஏறலாம். வழி தவறிவிட்டால் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று முறை சத்தம் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்க்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

கே: குளிக்கும்போது பாதியில் வெந்நீர் நின்றுவிட்டது. அதன் பிறகு எல்லோர் முகமும் மாறிவிட்டது.

ப: கணக்கைப் பாருங்கள், புரியும். 80 லிட்டர் கீசரில் 60 டிகிரி தண்ணீர் இருக்கிறது, குழாயில் வருவது 10 டிகிரி என்றால், கலந்து 40 டிகிரியில் கிடைப்பது சுமார் 130 லிட்டர். ஷவர் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஊற்றினால் மொத்தமே 13 நிமிடம். நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்! 2 கிலோவாட் கீசர் மறுபடி சூடாக இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே யார் எப்போது குளிப்பது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சோப்புப் போடும்போது குழாயை மூடுங்கள். கழிவறை செப்டிக் டேங்கில் இணைந்திருந்தால் ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் உள்ளே போடக் கூடாது. எங்கே போடுவது என்று கேட்பதில் வெட்கமில்லை.

கே: அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் தங்கியிருக்கிறேன். மலையிலும் நானே பார்த்துக்கொண்டால் அது விடுமுறையா?

ப: குழந்தைகளின் பொறுப்பு உங்கள் கையில் இருக்கும் நேரம் வேலை நேரம்தான், இடம் மாறினாலும். ஆனால் இதைச் சனிக்கிழமை இரவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னால் காரியம் கெடும். அழைப்பு வந்த அன்றே, ‘நான் விருந்தாளியாக வருகிறேனா, எந்த நேரம் குழந்தைகளைப் பார்க்க வேண்டும்’ என்று கேட்டு மணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை என்றால் அந்த மணிகளுக்கு மாற்று விடுப்பு எந்த நாள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். வராமல் வீட்டில் இருப்பதும் உங்கள் உரிமைதான், அந்த நாள் ஒப்பந்தப்படி உங்கள் ஓய்வு நாளாக இருந்தால்.

கே: இரண்டே நாள்தானே, பாஸ்போர்ட் எடுத்துப் போக வேண்டுமா?

ப: மலைச்சாலைகள் சில இடங்களில் நாட்டு எல்லையைத் தாண்டிப் போகும். மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் போய் வருவது அவர்களுக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் இருப்பது ஒருமுறை நுழைய மட்டுமே அனுமதிக்கும் விசா என்றால் திரும்பி வர முடியாமல் போகலாம். பாதை எல்லையைத் தாண்டுமா என்று கேட்டு, பாஸ்போர்ட்டையும் தங்கும் அனுமதி அட்டையின் அசலையும் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் இருக்கும் பரிமாற்ற மாணவர்கள், வெளியிடத்தில் இரவு தங்க அனுமதிக் கடிதம் தேவையா என்று முதலில் தங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் விசாரிக்க வேண்டும்.

காப்பீட்டில் சிகிச்சைச் செலவு வேறு, மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு வேறு. இரண்டாவது பல பாலிசிகளில் கிடையாது. பனிச்சறுக்கை விலக்கி வைத்திருப்பதும் உண்டு. பாலிசியில் ‘மீட்பு’ என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள். காப்பீட்டு எண்ணையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஜாக்கெட் பையில் வையுங்கள். இன்னொரு பிரதி காரோட்டுபவரிடம் இருக்கட்டும்.