தீனே என்றால் மதியச் சாப்பாடா, ராத்திரிச் சாப்பாடா?

கே: புதுச்சேரியில் மூன்று வருடம் பிரெஞ்சு படித்தேன். மேல்படிப்புக்கு மாண்ட்ரியல் போகிறேன். "அங்கே பேசுவது வேறு பிரெஞ்சு, நீ படித்தது உதவாது" என்று பயமுறுத்துகிறார்களே, உண்மையா? – வாசகி, லாஸ்பேட்டை

ப: பாதி உண்மை. நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியும், அவர்கள் பேசுவதுதான் உங்களுக்குக் கொஞ்ச நாள் பிடிபடாது. செவ்வாய்க்கிழமைக்கு 'மார்தி' என்று படித்திருப்பீர்கள், அங்கே காதில் விழுவது 'மார்ட்ஸி'.

சாப்பாட்டில்தான் அதிகம் ஏமாறுவீர்கள். பிரான்சில் காலையில் பெத்தி தெஜூனே, மதியம் தெஜூனே, ராத்திரி தீனே. மாண்ட்ரியல் இருக்கிற கனடாவின் கெபெக் மாகாணத்தில் காலையிலேயே தெஜூனே, மதியம் தீனே, ராத்திரி சூப்பே. யாராவது தீனேவுக்குக் கூப்பிட, நீங்கள் பாட்டுக்கு ராத்திரி ஏழு மணிக்குப் போய் நின்றால், பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வெகுநேரம் ஆகியிருக்கும். இதில் கெபெக்காரர்கள் மேல் தப்பே இல்லை. பழைய வழக்கம் அதுதான், பாரிசில் சாப்பிடும் நேரம் தள்ளிப்போகப் போகப் பெயர்களும் கூடவே தள்ளிப்போயின. 1763-இல் அந்த மண் பிரிட்டன் கைக்குப் போய்ப் பிரான்சோடு போக்குவரத்து அறுந்ததால் இப்படிப் பல பழசு அங்கே தங்கிவிட்டது. அதைக் கெட்டுப்போன பிரெஞ்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், கார் அங்கே 'ஷார்'. காதலி 'பிளோண்ட்', அதாவது பொன்முடிக்காரி; முடி கரிக்கட்டை நிறத்தில் இருந்தாலும் பிளோண்ட்தான்! நிறுத்தப் பலகையில் பிரான்சிலேயே 'ஸ்டாப்' என்றுதான் எழுதியிருக்கும், கெபெக்கில் 'அரே' என்று பிரெஞ்சில் இருக்கும். நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம் என்று யாராவது கத்தினால் பக்தி என்று நினைத்துவிட வேண்டாம், கெபெக்கில் பச்சையான கெட்ட வார்த்தைகள் கோயில் சாமான்களின் பெயர்கள்தான்.

கே: தொண்ணூறைச் சொல்லவே பிரெஞ்சில் கணக்குப் போட வேண்டுமாமே? – வாசகர், விழுப்புரம்

ப: பிரான்சில் ஆமாம். 97 என்றால் நான்கு இருபது, பத்து, ஏழு. போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 'கத்ர் வேன்' என்று கேட்டதும் 80 என்று எழுதுவீர்கள், அதற்குள் 'தீ செத்' என்று வால் வரும், அடித்துவிட்டு 97 என்று திருத்த வேண்டும். பெல்ஜியத்தில் எழுபதுக்குச் 'செப்தாந்த்', தொண்ணூறுக்கு 'நொனாந்த்', ஆனால் எண்பதுக்கு மட்டும் அதே நான்கு இருபதுதான். சுவிட்சர்லாந்தில் வோ, வலே, ஃப்ரிபூர் பக்கம் 'உயித்தாந்த்' என்று எண்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறார்கள், ஜெனிவாக்காரர் சொல்வதில்லை. சிரிக்காதீர்கள், நம்ம தொண்ணூறுக்குள்ளேயும் ஒரு நூறு உட்கார்ந்திருக்கிறது.

கே: ஆப்பிரிக்காவில் பேசுவது உடைந்த பிரெஞ்சுதானே? – வாசகர், காரைக்கால்

ப: யார் சொன்னது? காங்கோவின் கின்ஷாசாவில் பிரெஞ்சுதான் ஆட்சிமொழி, அந்த ஊர் மக்கள்தொகையோ பாரிசைத் தாண்டிவிட்டது. செனகலில் பெட்ரோல் பங்க்குக்கு 'எஸான்ஸ்ரீ' என்பார்கள். பெட்ரோலுக்குப் பிரெஞ்சில் எஸான்ஸ், பேக்கரிக்கு 'புலாஞ்ஜ்ரீ' என்கிற மாதிரியே வால் ஒட்டிக் கச்சிதமாகச் செய்த சொல். பிரான்சில் அதற்கு 'ஸ்தாசியோன் செர்வீஸ்' என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் 'மக்கீ'க்குப் போகலாம் என்றால், பிரான்சில் அந்தச் சொல் குறிக்கும் புதர்க்காட்டுக்கு அல்ல, மீன் வறுத்துப் போடும் தெருவோரச் சாப்பாட்டுக் கடைக்கு. பசியோடு போங்கள்.