கொச்சிக்குக் காயல் வழியாகப் போங்கள்: வாசகர் கேள்வி பதில்

விடுமுறை வருகிறது என்பது கடிதங்களைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. இந்த முறை பெரும்பாலானவர்கள் கொச்சியைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நம் பாலக்காட்டு எல்லைப் பக்கத்திலிருந்து காலையில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், அதனால் எல்லோரும் ஒருமுறையாவது போகிறார்கள். ஆனால் போய்வந்தவர்களில் பலர் "சீன வலை பார்த்தோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், திரும்பினோம்" என்று சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால் இந்த இதழ் முழுக்கக் கொச்சிதான்.

சித்தூரிலிருந்து ஒரு வாசகி: அக்கா, சனி, ஞாயிறு இரண்டு நாள் கொச்சி போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பையன் ஏழாம் வகுப்பு. வேன்காரர் ஒரே நாளில் எட்டு இடம் காட்டுகிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம்மா. எட்டு இடம் என்றால் எட்டு வாசலைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று இடம் போதும்.

முதலில் கிழமையைப் பாருங்கள், கொச்சியில் அதுதான் முக்கியம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் பரதேசி ஜெபாலயம் சனிக்கிழமை முழுக்கவும் வெள்ளி பிற்பகலும் மூடியிருக்கும், அவர்கள் பண்டிகை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்குத் திங்கள் விடுமுறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெள்ளிக்கிழமை மட்டாஞ்சேரி போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிற குடும்பங்கள் நிறைய.

நீங்கள் சனிக்கிழமை போவதால் முதல் நாளை ஹில் பேலஸுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒலவக்கோட்டிலிருந்து வருகிற ரயிலில் ஆலுவாயில் இறங்கி ஆட்டோவில் மெட்ரோ நிலையத்துக்கு வந்துவிட்டால், அந்த மெட்ரோவின் கடைசி நிலையமே திருப்பூணித்துறைதான். 2024-இல் அங்கே வரை நீட்டிவிட்டார்கள். ஊருக்குள் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை, அம்மாவும் உட்கார்ந்தபடியே வந்துவிடலாம். 1865-இல் கொச்சி அரச குடும்பம் கட்டத் தொடங்கிய இடம் அது. 49 கட்டடங்கள், 50 ஏக்கருக்கு மேல் வளாகம். கிரீடம், நகைகள், பல்லக்குகள், ஆயுதங்கள், கல்வெட்டுகள் எல்லாம் இருக்கின்றன. பெயரிலேயே குன்று இருக்கிறதே, படிகள் உண்டு. அம்மா எல்லா இடத்துக்கும் ஏற வேண்டியதில்லை. மரநிழலில் உட்கார இடம் இருக்கிறது, பையனுக்கு மான்களும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும். வேனை விட்டுவிட்டு எறணாகுளம் உயர் நீதிமன்ற ஜெட்டிக்கு வந்து வாட்டர் மெட்ரோவில் ஏறுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய பேட்டரிப் படகு இது, ஏசி உண்டு, சத்தமே இல்லை, கட்டணமும் ஆட்டோவை விடக் குறைவு. மட்டாஞ்சேரி நிலையம் 2025-இல் திறந்தது, அரண்மனைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். விடுமுறை நாளில் வரிசை நீளமாகிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் உள்ள அரசுப் போக்குவரத்துப் படகிலும் ஒருமுறை ஏறுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து போவது வேறு மாதிரி இருக்கும்.

படகு என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அது அடுத்த கேள்வியில் வருகிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியர்: பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொன்னால் தூங்கிவிடுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

சார், அரசர்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளைகளை ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிறுத்தி எதிரே தெரிகிற வைப்பின் தீவைக் காட்டுங்கள். இந்த இரண்டு கரைக்கும் நடுவில் உள்ள குறுகலான வாய் வழியாகத்தான் வேம்பநாட்டுக் காயல் கடலோடு சேர்கிறது. வல்லார்பாடம் முனையத்துக்குப் போகிற கண்டெய்னர் கப்பல்கள் இதே வழியில்தான் உள்ளே வரும். கரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு தெருவே நகர்ந்து வருவது போலத் தெரியும். அதைப் பார்த்த பிள்ளை தூங்காது.

அப்புறம் இந்த வாய் எப்படி வந்தது என்று சொல்லுங்கள். பழைய காலத்தில் துறைமுகம் இங்கே இல்லை, வடக்கே முசிறியில் இருந்தது. சங்கப் பாட்டில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகச் சொல்கிறார்களே, அந்த முசிறி. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தப் பக்கத்தை மண்ணால் அடைத்து, இந்தப் பக்கம் கொச்சி வாயை அகலமாகத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்கிற கருத்து. வியாபாரம் வாய் திறந்த இடத்துக்கு நகர்ந்தது. அரபு, சீன வியாபாரிகள் வந்தார்கள். 1500-இல் போர்த்துகீசியக் கப்பல்கள் வந்தன, 1503-இல் கோட்டை எழுந்தது. 1663-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர். யார் வந்தாலும் குறி ஒன்றுதான், மிளகும் அது வெளியேறுகிற வாயும். இதைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் ஆண்டுகள் தானாக நினைவில் நிற்கும்.

இன்னொரு கதையும் இருக்கிறது, என் கணக்கில் இதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். வாய் திறந்திருந்தாலும் அதன் முன்னால் பெரிய மணல்திட்டு ஒன்று கிடந்தது. அதனால் பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கை வள்ளங்களில் ஏற்றி இறக்குவார்கள். மழைக்காலக் கொந்தளிப்பில் அதுவும் நடக்காது. 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்து, அலையையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்து, மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928-இல் கப்பல் காயலுக்குள்ளேயே வந்து நின்றது. தோண்டிய மண்ணை வீசிவிடாமல் காயலில் கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள், அதுதான் இன்றைய வில்லிங்டன் தீவு. படகில் போகும்போது அந்தத் தீவைக் காட்டி, இதில் பெரும்பகுதி காயலின் அடியில் கிடந்த மண் என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும்.

ரோட்டு வழியாக, பாலங்கள் மேல் வேனில் போனால் இதில் ஒன்றுமே தெரியாது, மட்டாஞ்சேரி ஒரு நெரிசலான சந்து மாதிரிதான் இருக்கும். படகில் வந்தால் கிடங்குகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்து நிற்பதையும், அரண்மனையும் கடைத்தெருவும் ஏன் இங்கே வந்தன என்பதையும் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம்.

கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு வாசகர்: மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போன நண்பர், பழைய ஓட்டு வீடும் நாலு படமும்தான், டிக்கெட் வீண் என்கிறார். உண்மையா?

உங்கள் நண்பர் வேகமாக நடந்துவிட்டார் என்று நினைக்கிறேன். வெளியே பார்த்தால் பெரிய ஓட்டு வீடுதான், மைசூர் அரண்மனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டி வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தது. பிறகு டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டடமோ நம் ஊர் நாலுகெட்டு, நடு முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில்.

டிக்கெட்டின் மதிப்பு முழுக்கச் சுவரில் இருக்கிறது. மாடியில் அரசரின் பள்ளியறைக்குள் போனவுடன் கடந்து போய்விடாதீர்கள், ஒரு மூலையில் நின்று கண் இருட்டுக்குப் பழகக் காத்திருங்கள். சுவர் முழுக்க ராமாயணம். தசரதர் பிள்ளை வேண்டிச் செய்த வேள்வியில் தொடங்கி, ராமர் அயோத்தி திரும்புவது வரை இடைவெளியே விடாமல் வரைந்திருக்கிறார்கள். ஒரு காட்சி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே நேரமாகும். காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான் அதிகம். முகங்களைப் பாருங்கள், கதகளி வேஷத்தின் கண்ணும் கிரீடமும் நினைவுக்கு வரும். நம் பக்கத்துக் கோயில் ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த உருண்டு திரண்ட உடல்களும் நெருக்கமும் புதிதாக இருக்கும். கீழே பெண்கள் இருந்த அறைகளில் சிவனும் மோகினியும், கோபியரோடு கிருஷ்ணனும் இருக்கிறார்கள். அவை பிற்காலத்தவை, கோடு இன்னும் மென்மையாக ஓடுகிறது.

தரையையும் குனிந்து பாருங்கள். பளபளக்கும் கருங்கல் மாதிரி இருக்கும், ஆனால் கல் இல்லை. எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி வழவழப்பாக்கியது. இத்தனை கால் பட்டும் இன்னும் மின்னுகிறது. படம் எடுக்க விட மாட்டார்கள், அது நல்லதுதான், கண்ணால் பார்ப்பீர்கள்.

அங்கிருந்து ஜெபாலயம் நடை தூரம். 1568-இல் கட்டியது. தரையில் நீல ஓவியம் தீட்டிய சீன ஓடுகள், மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள், வெளியே 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யூத சமூகத்துக்கு அன்றைய சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டு வாக்கில் கொடுத்த உரிமைச் செப்பேடு இந்த ஜெபாலயத்தைச் சேர்ந்தது, அது வட்டெழுத்தில் எழுதியது. அந்தத் தெருவில் குடியிருந்தவர்கள் 1948-க்குப் பிறகு பெரும்பாலும் இஸ்ரேல் போய்விட்டார்கள். வீடுகள் இன்று பழம்பொருள் கடைகளாகவும் வாசனைத் திரவியக் கடைகளாகவும் மாறிவிட்டன. கடைக்காரர்கள் கூப்பிடுவார்கள், ஜெபாலயத்தை முடித்துவிட்டு அப்புறம் கடைக்குள் போங்கள்.

கல்பாத்தியிலிருந்து ஒரு பெரியவர்: வாஸ்கோ ட காமாவின் கல்லறை இன்னும் அங்கே இருக்கிறதா?

இடம் இருக்கிறது, உடல் இல்லை. அவர் 1524-இல் கொச்சியில் இறந்து ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். 1539-இல் எச்சங்களைப் போர்த்துகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கம்பி வேலி போட்டு அந்த இடத்தைக் காட்டுகிறார்கள், எல்லோரும் அங்கேயே கூடுவார்கள். நீங்கள் சுவரோரம் நிறுத்தியிருக்கும் போர்த்துகீசிய, டச்சுக் கல்லறைக் கற்களைப் பாருங்கள் ஐயா, செதுக்கல் அருமை. ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், பிற்பகலில் போங்கள்.

முதலமடையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எல்லாமே வெளிநாட்டுக்காரர்கள் கதையாக இருக்கிறது. கொச்சியில் நம் தமிழ் ஆட்கள் சம்பந்தப்பட்ட இடம் எதுவும் இல்லையா?

இருக்கிறதும்மா, ஆனால் பெரும்பாலான சுற்றுலாத் தாள்களில் ஓரமாகத்தான் போடுவார்கள். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்துக்குப் போய் டோபி கானா எங்கே என்று கேளுங்கள். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்புகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டிவந்தார்கள், அவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றும் அங்கே துவைக்கிறார்கள் என்பது அவர்கள் தலைமுறையாகச் சொல்லிவருவது. முன்பு குளங்களில் துவைத்தார்கள், 1970-களில் இப்போதுள்ள கட்டடம் வந்தது. குடும்பத்துக்கு ஒரு துவைக்கும் அறை, தண்ணீர்த் தொட்டி, கல். வெள்ளைத் துணிக்குக் கஞ்சி போடுவார்கள். இரண்டு கயிற்றை முறுக்கி, முறுக்குக்கு நடுவில் துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுவார்கள், கிளிப்பே கிடையாது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை இன்னும் பார்க்கலாம். அவர்கள் பேசுகிற தமிழில் மலையாளம் கலந்திருக்கும், நம் எல்லைத் தமிழ் மாதிரியேதான், உடனே ஒட்டிக்கொள்வீர்கள்.

கொச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடம் இது. அரண்மனையில் அரசரின் உடைவாளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்கு வந்தவர்களின் அழுக்கைத் துவைத்தவர்களோ இன்னும் வெயிலில் நின்று அதே வேலையைச் செய்கிறார்கள். அந்த உழைப்பும் இந்த நகரத்தின் வரலாறுதான், அதற்கும் ஒரு முறையான காட்சிக்கூடம் வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு வேண்டுகோள், அது அவர்கள் வேலை செய்யும் இடம். கேட்காமல் படம் எடுக்காதீர்கள், நின்று பேசுங்கள், ஒரு துணியையாவது இஸ்திரிக்குக் கொடுத்துக் காசு கொடுங்கள்.

இன்னும் ஒரு நாள் கிடைத்தால் வடக்கே பறவூர் பக்கம் போங்கள். பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தன. அது முசிறியைச் சேர்ந்த இடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பக்கத்துச் சேந்தமங்கலத்தில் பாலியம் அரண்மனையும் ஒரு பழைய ஜெபாலயமும் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன, கூட்டம் குறைவு, நிதானமாகப் பார்க்கலாம்.

வடகரப்பதியிலிருந்து ஒரு வாசகர்: மழைக்காலத்தில் போகலாமா?

தாராளமாக. நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள், அந்த நாளைத் தேவராவில் உள்ள நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மர வேலைப்பாட்டுக்காகவே பார்க்க வேண்டிய கட்டடம் அது. ஓவியம், சிற்பம் பிடிக்கும் என்றால் மட்டும் மழை விட்டு டிசம்பர் வரை பொறுங்கள். 2012-இல் தொடங்கிய பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கிற ஆண்டாக இருந்தால், பழைய கிடங்குகளையே திறந்து காட்சிக்கு விடுவார்கள், சாதாரண நாளில் பூட்டிக் கிடக்கிற ஆஸ்பின்வால் வளாகத்துக்குள்ளும் அப்போது போகலாம்.